கார்க்கடையில் டிரைவர் எங்கே உட்காருவது?

டாக்சி ஓட்டுகிறவனுக்குப் பசி எடுக்கலாம். ஆனால் பின் சீட்டில் இருப்பவருக்கு எடுத்த பிறகுதான் எடுக்க வேண்டும். நாகர்கோவிலில் சுற்றுலா வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாமல் வந்தவர்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வார்கள்.

சாதாரண ஓட்டல் என்றால் பிரச்சினை இல்லை. வண்டி பிடித்து வந்த பார்ட்டி முன்வாசல் வழியாகப் போகும், நாம் பக்கவாட்டில் நுழைவோம். சமையலறையை ஒட்டி டிரைவர்களுக்கென்று ஒரு மேசை கிடக்கும். ஆளைக் கூட்டிவந்ததற்காக நமக்குச் சாப்பாடு ஓசி. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று நமக்குத் தெரியாது, நாம் எத்தனை தடவை சோறு வாங்கினோம் என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

ஆனால் எங்கள் பக்கத்தில், வில்லுக்குறி தாண்டித் தக்கலைக்குப் போகிற வழியில் ஒரு கடை இருக்கிறது. அங்கே மேசையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. மாமரங்களுக்கு அடியில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியைப் பாதி இறக்கினால், பரிமாறுகிற லில்லிபாய் அக்கா வந்து கொக்கி வைத்த தட்டை அந்தக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போவார். வண்டிக்குள் இருந்தபடியே சாப்பிட வேண்டியதுதான். கடைக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஊரில் எல்லோரும் கார்க்கடை என்றுதான் சொல்வோம்.

கடை என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்த ரசவடைக்கும், மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குக்கும், சாளை மீன் கறிக்கும் நான் அடிமை. ஊரில் என்ன பார்க்கலாம் என்று எந்த பார்ட்டி கேட்டாலும் சூரிய உதயம், அரண்மனை, திற்பரப்பு அருவி என்று சொல்லிக்கொண்டே வந்து நடுவில் கார்க்கடையைச் செருகிவிடுவேன். நம் மேல் டிரைவருக்கு எவ்வளவு அக்கறை என்று அவர்கள் நெகிழ்வார்கள்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். முன்பின் தெரியாத குடும்பம் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறது. டிரைவர் சீட்டும் அதே வண்டிக்குள்தான் இருக்கிறது. நானும் கூடவே சாப்பிடுவதா, இறங்கிப் போய் நிற்பதா? வண்டி என்னுடையது, பசியும் என்னுடையது, தீர்ப்பு மட்டும் பார்ட்டியுடையது. என்னைப் போலவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் வயிறு காய்ந்தவர்கள் இதைப் படித்தால், சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

லைட்டும் ஹார்னும்

கார்க்கடையில் ஒரே ஒரு சட்டம். ஹார்ன் அடிக்கக் கூடாது. ஆர்டர் கொடுக்க வேண்டுமென்றால் வண்டியின் லைட்டைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும், லில்லிபாய் அக்கா வருவார். மரத்தில் பலகையே அடித்து வைத்திருக்கிறார்கள்.

ஈரோட்டிலிருந்து வந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்குப் பொறுமை போதவில்லை. நான் லைட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போதே, பக்கத்துச் சீட்டிலிருந்து எட்டி ஹார்னை ஒரு அழுத்து அழுத்தினார். அவ்வளவுதான். எங்களுக்குப் பின்னால் வந்த வண்டிக்குத் தோசை போயிற்று, அதற்கும் பின்னால் வந்த வண்டிக்குப் புட்டு போயிற்று. அக்கா எங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனாரே தவிர எங்கள் பக்கம் திரும்பவில்லை. குற்றம் செய்தது அவர், கூடச் சேர்ந்து பட்டினி கிடந்தது நான்.

கடைசியில் அவரே இறங்கிப் போய், "ஏம்மா, இவ்வளவு நேரமா ஒரு வண்டி நிக்குதே, கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். அக்கா கையிலிருந்த தட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஹார்ன் அடிச்சா வெலகித்தான் நிப்பேன் சாரே. வடை வேணும்னா லைட்டத்தான் போடணும்."

செக்போஸ்டில் ஒரே நெரிசல்

மஸ்கட்டில் வேலை பார்க்கிற ஒரு தம்பியை அழைத்துவரத் திருவனந்தபுரம் விமான நிலையம் போயிருந்தேன். சொந்த ஊர் அஞ்சுகிராமம். வீட்டில் அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து ஆப்பத்துக்கு அடுப்பு மூட்டியிருப்பார். பெட்டிகளை ஏற்றி முடித்ததும் தம்பி பின் சீட்டுக்குப் போகாமல் முன்னால் வந்து உட்கார்ந்தான். அப்போதே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

"அண்ணாச்சி, நேரா கார்க்கடைக்கு விடுங்க. அம்மைக்க ஆப்பத்தையும் தின்னுவேன். ஆனா அங்க மஸ்கட்டுல கண்ண மூடுனா வாறது ரசவடையாக்கும்."

மாமர நிழலில் நிறுத்தியதும் இரண்டு பேருக்கும் சேர்த்தே ஆர்டர் கொடுத்தான். "நீங்களும் தின்னணும். நான் மட்டும் தின்னா அம்மைகிட்ட சொல்லிருவிய" என்றான். உடந்தையாக இருப்பதற்குக் கூலி ரசவடை என்றால் எனக்கென்ன வந்தது? கூச்சமில்லாமல் சாப்பிட ஆரம்பித்தேன். அப்போது அவன் போன் அடித்தது. அம்மாதான். ஸ்பீக்கரில் போட்டு, "களியக்காவிளையில நிக்கேம்மா, செக்போஸ்டுல ஒரே நெரிசல்" என்றான். சொல்லி வாய் மூடவில்லை, லில்லிபாய் அக்கா ஜன்னலில் தலையை நீட்டி, சபையில் அறிவிப்பு வாசிக்கிற குரலில், "மக்கா, எப்பம் வந்தே? இன்னும் ரெண்டு ரசவடை இடட்டா?" என்று கேட்டார்.

தம்பி வடையை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் என்னைப் பார்த்தான். நான் மாமரத்தைப் பார்த்தேன். பிறகு அம்மாவின் குரல் சாவகாசமாக வந்தது.

"செரி மக்கா, செக்போஸ்டுல எனக்கும் ரெண்டு வடை கெட்டி வாங்கிட்டு வா."

பப்படம்

ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர், மதுரைக்காரர், மனைவியோடு வந்திருந்தார். அரண்மனையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மத்தியானச் சாப்பாட்டுக்குக் கார்க்கடையில் நிறுத்தினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, நீ வெளிய நின்னு சாப்பிட்டுக்க. நாங்க கொஞ்சம் ஃப்ரீயா இருப்போம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் சொந்த வண்டியிலிருந்து இறங்கச் சொன்னால் மனசு கொஞ்சம் சுருங்கத்தான் செய்கிறது.

இறங்கினேன். என் தட்டை பானெட்டின் மேல் வைத்துவிடும்படி லில்லிபாய் அக்காவிடம் கேட்டேன். அக்கா என்னையும் பார்த்தார், வெயிலையும் பார்த்தார். "பானெட்டுக்க மேல வைக்க எனக்க தட்டு என்ன வத்தலா, காயப்போட? கண்ணாடியில மாட்டத்தான் கொக்கி வச்சிருக்கு. நின்னுட்டு திங்கப்பட்ட ஆளுக்கு இஞ்ச தட்டு இல்ல" என்று பின் சீட்டுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, என் தட்டை டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் அதிகாரி தலையை ஆட்டினார், நான் உள்ளே ஏறினேன்.

அன்றைக்குப் போல் பயபக்தியோடு நான் ஆலயத்தில்கூட உட்கார்ந்ததில்லை. சம்பா அரிசிச் சோறு, தீயல், அவியல், மீன் எல்லாம் இருந்தது. சத்தம் வரக் கூடாது என்று புளிசேரி என்கிற மோர்க்குழம்பை உறிஞ்சவில்லை. முள்ளை வாயிலிருந்து எடுப்பது தெரியக் கூடாது என்று மீனை ஒதுக்கி வைத்தேன். பப்படத்தை நொறுக்கினால் பின்னால் கேட்கும், அதனால் அதைக் குழம்பில் முக்கி, நன்றாக ஊறிய பிறகு சுருட்டி விழுங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாளின் குரல் கேட்டது.

"டிரைவர், பப்படத்தை உடைச்சே சாப்பிடுங்க. நீங்க ஊற வச்சு ஊற வச்சு முழுங்குறதைப் பாத்தா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

புது மாப்பிள்ளையின் சட்டை

புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி வந்தால் டிரைவர் முதலில் செய்ய வேண்டியது, பின் சீட்டைக் காட்டுகிற நடுக்கண்ணாடியைக் கூரையைப் பார்த்துத் திருப்பி வைப்பது. நானும் அப்படித்தான் செய்தேன். திருச்சியிலிருந்து வந்த பிள்ளைகள். மாப்பிள்ளை பளிச்சென்று மஞ்சள் பட்டுச் சட்டை போட்டிருந்தார், அவருடைய அம்மா எடுத்துக் கொடுத்ததாம். பெண் மூன்று ஊர் தாண்டியும் வாயைத் திறக்கவில்லை.

கார்க்கடையில் கிழங்கும் மீன்கறியும் வந்தது. எங்கள் ஊர் மீன்கறியின் காரத்துக்கு மாப்பிள்ளை பழக்கப்பட்டவர் இல்லை. "உஸ்... அண்ணா, காத்தே இல்ல, கண்ணாடியை முழுசா இறக்குங்க" என்றார். தட்டு அந்தக் கண்ணாடியில்தான் தொங்குகிறது என்பதை அவர் மறந்துவிட்டார். பின்னால் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்த நான், பார்க்காமலே என் பக்கத்திலிருந்த பின் கண்ணாடிப் பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி கதவுக்குள் இறங்கியது, கொக்கிக்குப் பிடிமானம் போயிற்று, மீன்கறி மொத்தமும் பட்டுச் சட்டைக்கு மாறியது.

என் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து துடைத்தேன். சீட்டைத் துடைத்தேன், சட்டையைத் துடைத்தேன், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறுபடியும் சீட்டைத் துடைத்தேன். திரும்பி வந்தபோது என் தட்டில் ஒரு காக்கா இருந்தது. வெறும் வயிற்றோடு வண்டியை எடுக்கும்போது அந்தப் பெண் முதன்முதலாகப் பேசினாள்.

"விடுங்கண்ணா. எனக்கும் அந்தச் சட்டை ஆரம்பத்துலேருந்தே பிடிக்கல."

டிரைவர் சாமி

மாலை போட்ட சாமிமார் வரும் காலத்தில் நான் வண்டிக்குள் அசைவம் தொடுவதில்லை. திண்டுக்கல்லிலிருந்து வண்டி நிறைய சாமிகள். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற என்னையும் அவர்கள் வாய் நிறைய 'டிரைவர் சாமி' என்றுதான் கூப்பிட்டார்கள். கார்க்கடையில் எல்லோருக்கும் தோசை வந்தது, எனக்கு மட்டும் வரக் கொஞ்சம் பிந்தியது. என் தட்டு வரும்வரை ஒருவரும் தோசையில் கை வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வண்டிக்குச் சாளை வறுத்தது சுடச்சுடப் போயிற்று. கண்ணாடியை ஏற்றலாம் என்றால் தட்டுகள் தொங்குகின்றன. வாசனை வண்டிக்குள் வந்து குடியேறிவிட்டது. பின்னாலிருந்த இளம் சாமி ஒருவர் கண்ணை மூடி நீளமாக மூச்சை இழுத்து, "சாமி சரணம்" என்றார். குருசாமி தோசையிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்.

"சாமி, மூச்சை மெதுவா விடுங்க. மாலை கழட்டினதும் இதே மரத்தடியிலதான் நிறுத்தப் போறோம்."

ஜெபாவின் தட்டு

ஜெபா என் மனைவி. நான் வாயைத் திறந்தால் கார்க்கடைக் கதைதான் என்று அவளுக்கு அலுத்தே போய்விட்டது. ஆனால் கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடையில் அவள் ஒரு வடை தின்றதில்லை. நடந்து போனால் தட்டு கிடையாது. வண்டியில் போகலாம் என்றால் வண்டியில் எப்போதும் யாராவது பார்ட்டி இருக்கும். போன மாதம் ஒரு நாள் சவாரி எதுவும் இல்லை. "இன்னைக்கு நான் பார்ட்டியாக்கும்" என்று ஆலயத்துக்கு உடுத்துகிற சேலையை உடுத்திக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

நல்ல நிழலாகப் பார்த்து நிறுத்தினேன். லைட்டைப் போட்டேன். கிழங்கு, சாளைக் கறி, ரசவடை என்று அவளுக்குப் பிடித்தது எல்லாவற்றையும் சொன்னேன். லில்லிபாய் அக்கா இரண்டு தட்டையும் மாட்டிவிட்டு, ஜெபாவிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனார். ஜெபா ஒரு துண்டு கிழங்கை மீன்கறியில் தொட்டு வாயில் வைத்து, "கொள்ளாமே" என்று மெச்சினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? மெதுவாகக் கதவைத் திறந்து இறங்கி, சத்தம் வராமல் சாத்திவிட்டு, மரத்தடியில் போய் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

யாரும் போகச் சொல்லவில்லை. கால்கள் தாமாகவே போய்விட்டன. நான் நிற்கிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பார்ட்டி சாப்பிட்டு முடிக்கட்டும் என்று சாலையில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பின்னாலிருந்து ஜெபா கூப்பிடுவது கேட்டது. திரும்பினால், ஜெபா சாப்பிடாமல் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அவள் சிரிக்கவில்லை.

"கேட்டியளா, ஒத்தைக்கு இருந்து திங்கதுக்கு எனக்கு நம்ம வீடே போதும். வந்து கேறி இருங்க."

ஆக, சக ஓட்டுநர்களே, சாவி நம் பாக்கெட்டில் இருக்கிறது என்றாலும், நம் சீட்டில் நாம் உட்கார்ந்து சாப்பிட யாராவது ஒருத்தர் அதட்டிச் சொல்ல வேண்டித்தான் இருக்கிறது.