ரகசிய நம்பர் கேட்டவள்

ஹட்டன் கிளையில் காசாளர் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த வருஷங்களில் நான் மனசார வெறுத்த ஒன்று உண்டு. எங்கள் சனத்தின் மரியாதை. மழையோடு வந்து, செருப்பை வங்கி வாசலில் கழற்றிவிட்டு, சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்பார்கள். நாற்காலி காலியாகக் கிடக்கும்; உட்காரமாட்டார்கள். உட்காரச் சொன்னால், "பரவால்லைங்க மிஸ்" என்பார்கள். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவள் நான். என் அம்மா அப்போதும் அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். லயத்தில் என்னை "ஏய் புள்ள" என்று கூப்பிடுகிற அதே வாய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தால் "மிஸ்" என்று குழையும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காசு எடுக்கும் இயந்திரம் எங்கள் கிளைக்கு வந்தபோது, சம்பள நாள் வரிசையைக் குறைக்க வேண்டுமென்று எல்லாத் தோட்டத்துக் கணக்குகளுக்கும் அட்டை கொடுக்கச் சொன்னார் முகாமையாளர். யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மலைநாட்டில் எட்டு வருஷம் இருந்தும் ஒரு லயத்துக்குள்ளேகூடக் கால் வைக்காதவர், அவ்வளவுதான். "ஒரு ஆளோட ரெண்டு நிமிசத்துக்கு மேல மினக்கெட வேண்டாம்" என்றார். நானும் மினக்கெடவில்லை. அட்டையைக் கொடுத்தேன், ரகசிய நம்பர் இருந்த கடித உறையைக் கொடுத்தேன், "யாருக்கும் சொல்லாதீங்க" என்றேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். முப்பது வருஷம் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த, ஓய்வுபெறும்போது கிடைக்கிற சேமலாபக் காசை அந்த நாலு இலக்கத்தை நம்பி விட்டிருக்கிறோம் என்பதை நான் யாருக்கும் விளங்கப்படுத்தவில்லை. சொன்னால் வரிசை நீளும்.

முதலில் ஏமாந்தவர் எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருந்த பிரிவில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டி ஓய்வுபெற்ற ஒரு கவ்வாத்துக்காரர். கைத்தொலைபேசி லயங்களுக்குள் வந்த புதிது. அவருடைய மகனின் போனுக்கு ஒருத்தன் பேசியிருக்கிறான். ஹட்டன் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, பழைய அட்டை செல்லாது, புது அட்டை தரவேண்டும், ரகசிய நம்பரைச் சொல்லுங்கள், அட்டையை வாங்க ஆள் வரும் என்றிருக்கிறான். சொன்னபடியே டையும் பைலுமாக ஓர் ஆளும் வந்திருக்கிறான். இவர் இரண்டு கையாலும் அட்டையைக் கொடுத்து, அவனுக்குப் பிளேன்டீயும் ஊற்றிக் கொடுத்து, பஸ் நிற்கிற இடம்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார். புது அட்டை வரவில்லையே என்று ஒரு கிழமை கழித்து எங்களிடம் கேட்க வந்தபோது கணக்கில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

முகாமையாளர் அவரை உள்ளே கூப்பிட்டு விசாரித்தார். "நம்பரையும் சொல்லி, கார்டையும் கையில குடுத்தா வங்கி என்ன செய்யிறது ஐயா?" என்றார்.

"சரிங்க தொரை. தொந்தரவு குடுத்ததுக்கு மன்னிச்சுக்கங்க" என்றுவிட்டு அந்த மனுஷன் வெளியே வந்தார். வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார். எனக்கு முகாமையாளர்மேல் வந்த கோபத்தைவிட அவர்மேல் வந்த கோபம் பெரிது. மேசையை உதைத்திருக்க வேண்டாமா? ஒரு கெட்ட வார்த்தையாவது பேசியிருக்க வேண்டாமா? கொள்ளை போனவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறான்.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து துண்டுப்பிரசுரம் வந்தது. "இனந்தெரியாத நபர்களிடம் தங்களது இரகசிய இலக்கத்தினை வெளிப்படுத்துவதனைத் தவிர்த்துக் கொள்ளவும்." யாரோ கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களுக்குப் போய் இதை விளக்கி வருகிறேன் என்று நானே கேட்டேன். செலவில்லாத காரியம் என்பதால் முகாமையாளரும் தலையாட்டினார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அந்தத் தாளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கவ்வாத்துக்காரரிடம் பேசியவன் அவருக்கு இனந்தெரியாத நபரா? இல்லையே. அவன்தான் வங்கி என்று சொன்னானே. சொன்னவுடனே அவன் தெரிந்தவனாகிவிட்டான். இந்த அடிப்படைகூட விளங்காத தாளை வைத்துக்கொண்டு நான் யாருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

எங்கள் தோட்டத்தில் எனக்கு ஓர் ஆளைப் பற்றித்தான் உண்மையான பயம். மேட்டு லயத்து அத்தை. உறவில்லை, அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர், அதனால் அத்தை. அந்த வருஷம்தான் ஓய்வுபெற்றிருந்தார். புருஷன் இல்லை. ஒரே மகளை இறம்பொடைப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தவர் யாருமில்லாததால் லயக் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லித் தோட்டத்து ஆபீஸ் கடிதம் கொடுத்திருந்தது. நோர்வூட் ரோட்டுக்குக் கீழே ஒரு துண்டுக் காணியும் அதில் இரண்டு அறையும் பேசி வைத்திருந்தார். தை பிறந்ததும் காணி உறுதிப் பத்திரம் எழுதுவதாக ஏற்பாடு. அதற்கான காசு முழுக்க எங்கள் கிளையில் கிடந்தது. அது போனால் அவருக்குக் கூரை கிடையாது. தோட்டத்தில் யார் அதட்டினாலும் முதலில் தலைகுனிகிற ஆளும் அவர்தான்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், கிளையில் ஆள் குறைந்த நேரம், வங்கித் தொலைபேசியிலிருந்து எங்கள் தோட்டத்து ஏழு பேருக்குப் பேசினேன். எந்தக் குரலில் பேசவேண்டுமென்று எனக்குத் தெரியும். பெரட்டுக்களத்தில் விடியற்காலை வேலைக்கு ஆள் பிரிக்கும்போது பேர் கூப்பிடுகிற குரல். முதலில் பேர், பிறகு சம்பளப் பதிவேட்டின் செக்ரோல் நம்பர், பிறகு உத்தரவு. அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாவிட்டால் அன்றைக்குப் பேர் கிடையாது, சம்பளம் கிடையாது. அது தெரிந்தே வளர்ந்த உடம்புகள். செக்ரோல் நம்பரோ ஆபீஸ் சுவரில் ஒட்டிக் கிடக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பேரையும் நம்பரையும் சொல்லி, "ரகசிய நம்பர் என்ன?" என்று அதட்டினேன். ஏழு பேரில் ஆறு பேர் சொன்னார்கள். மேட்டு லயத்து அத்தை சொல்லிவிட்டு, "திரும்ப ஒருக்கா சொல்லவாங்க?" என்றும் கேட்டார். ரிசீவரை வைத்தபோது எனக்கு வந்தது கோபமா, அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டதே என்ற பயமா, தெரியாது. அந்தக் கள்ளனுக்கு அந்த வேலை ஏன் பிடித்திருந்தது என்று மட்டும் விளங்கியது.

மறுநாள் பிள்ளைக் காம்பராவில் கூட்டம். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடம். ஞாயிறு என்பதால் தொட்டில்கள் காலி. நாற்பது பேர்போல வந்திருந்தார்கள். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஆறு பேரையும் பேர் சொல்லி எழும்ப வைத்தேன். "நேத்து ஒங்களோட பேசுனது நான்தான்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். மேட்டு லயத்து அத்தை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீயா புள்ள பேசுன? ஏதோ பெரிய எடத்து ஆளுன்னுல்ல நெனச்சேன்."

"பெரிய எடம்னா குடுத்துருவீங்களா? மூளைய எங்க வச்சிருக்கீங்க? இந்த வயசுல ரோட்டுல நிக்கப் போறீங்களா?" நாற்பது பேர் முன்னால் இன்னும் என்னென்னவோ ஏசினேன். அவர் தலை குனிந்து, சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நேத்தும் இப்பிடித்தான் ஏசுன. அதுனாலதான் குடுத்தேன்."

அவர் எதிர்த்துப் பேசவில்லை, நடந்ததைச் சொன்னார். அதட்டினால் கொடுக்கிறவர்களை அதட்டித் திருத்தப் பார்த்தேன். அந்த அறையிலேயே பெரிய மடச்சி நான்தான்.

அதன்பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு வேறு மாதிரி செய்து பார்த்தேன். நான் வங்கிக்காரியாக அதட்டுவேன், அவர்கள் என்னைத் திருப்பி ஏசவேண்டும். பேங்கிலிருந்து யாரும் எப்போதும் அந்த நம்பரைக் கேட்கமாட்டார்கள் என்று பத்துத் தடவை சொன்னேன். கேட்டால் போனை வைத்துவிட்டு நேரே கிளைக்கு வாருங்கள், அட்டையை வாங்க வீட்டுக்கு ஆள் வந்தால் துரத்துங்கள் என்றேன். "நானே வந்து கேட்டாலும் குடுக்கக்கூடாது. என்னையும் நம்பக்கூடாது" என்றும் சொன்னேன். இளம்பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏசப் பழகினார்கள். சிரித்துச் சிரித்து ஏசினார்கள். அத்தைக்கு மட்டும் வரவில்லை. அதிகபட்சம், "மன்னிச்சுக்கங்க மிஸ், குடுக்க ஏலாதுங்க" என்பார். மன்னிப்பு எதற்கு என்று கேட்டால் அதற்கும் மன்னிப்புக் கேட்பார். அடுத்த நாளே ஆறு பேரையும் ஹட்டனுக்கு வரச் சொல்லி, நான் தள்ளி நின்றுகொண்டு நம்பரை மாற்ற வைத்தேன். அத்தை மட்டும் தப்பமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வங்கி திறந்த கையோடு அத்தை வந்தார். செருப்போடு வந்தார். வரிசையில் நிற்கவில்லை. நேரே என் கூண்டுக்கு முன்னால் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஏன்டி, ஆள் வச்சா என் காச எடுக்கப் பாக்குற?"

கிளையே திரும்பிப் பார்த்தது. என்ன நடந்ததென்று கேட்டேன். கத்திக்கொண்டேதான் சொன்னார். முதல்நாள் சாயங்காலம் ஒருத்தன் போனில் பேசியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்த மிஸ் சொல்லித்தான் பேசுகிறோம், உங்கள் பழைய நம்பர் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, புது நம்பரைச் சொல்லுங்கள், அட்டைக்கு ஆள் வருகிறது என்றானாம். "வெளக்கமாறு பிஞ்சிரும்டான்னு சொல்லிட்டு வச்சிட்டேன்" என்றார் அத்தை.

எங்கள் கூட்டத்தைப் பற்றி அவனுக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாற்பது பேர் பஸ்ஸிலும் கடையிலும் பேசியிருப்பார்கள்; காது உள்ள யாருக்கும் கேட்டிருக்கும். அதைத்தான் சொன்னேன். "அது நான் அனுப்புன ஆள் இல்ல அத்தை. கள்ளன். நீங்க செஞ்சதுதான் சரி."

"கள்ளனுக்கு ஒன்ன எப்பிடித் தெரியும்? அன்னைக்குப் பொய் சொல்லி எங்கிட்ட நம்பர் வாங்குனது யாரு, நீதானே? நீயே கேட்டாலும் குடுக்கக்கூடாதுன்னு நீதானே சொன்ன? கேக்கப் போறவளுக்குத்தான்டி அது முன்னாலயே தெரியும்!"

அவர் சொன்னதில் நடக்காதது என்று எதுவுமில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் கள்ளி நான்தான்.

முகாமையாளர் வெளியே வந்தார். நான் தொலைபேசியில் நம்பர் கேட்ட கதை அப்போதுதான் அவர் காதுக்குப் போனது. அவர் முகம் வெளுத்துவிட்டது. "நீர் வங்கி போனிலயிருந்து வாடிக்கையாளரிட்ட இரகசிய இலக்கம் கேட்டனீரோ?" என்றார். கேட்டேன் என்றேன். காரணத்தைச் சொல்லத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். அத்தை முழுக் காசையும் எடுத்துக் கணக்கையும் மூடவேண்டும் என்று நின்றார். படிவம் நிரப்ப அடையாள அட்டையைக் கேட்டேன். "ஒங்கிட்டயா? தர மாட்டேன். வேற ஆளக் கூப்புடு" என்றார். பக்கத்துக் கூண்டுக்காரர்தான் எல்லாம் செய்தார். அவரிடமும் அத்தை, "நீங்க யாருன்னு காட்டுங்க" என்று கேட்டு, அவருடைய அட்டையை வாங்கிப் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் தன்னுடையதைக் கொடுத்தார். அப்புறம் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்து வங்கிக்குப் போனார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவமானத்தில் காது எரிந்தது. அதற்குள்ளேயே ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை அங்கே யாரிடமும் சொல்ல முடியாது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, கூண்டிலிருந்து எடுத்துப் பின்னறையில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் நின்றன. தோட்டத்தில் கதை வேறு மாதிரி வளர்ந்தது. பேங்குக்காரப் புள்ள மேட்டு லயத்தாளின் காசைச் சுருட்டப் பார்த்தாளாம், கையும் களவுமாகப் பிடிபட்டாளாம். அம்மாவோடு நிரையில் நின்று கொழுந்தெடுத்தவர்கள் அம்மா வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். மாதா மாதம் காசு போட்டுப் பிடிக்கிற சீட்டிலிருந்து அம்மாவை விலக்கினார்கள்.

தையில் அத்தைக்கு உறுதி எழுதியாயிற்று. பால் காய்ச்சுகிற நாளுக்கு ஒவ்வொரு காம்பராவாகப் போய்ச் சொன்னார். எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போனார். அன்று நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கோயிலுக்கு வா. மாரியம்மா முன்னால சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணிரு. அவளையும் கூப்புடுறேன். அவ நம்பிருவா" என்றாள்.

"நம்பிருவாம்மா. அதுதான் வேணாங்குறேன். அந்தக் கள்ளனும் நாளைக்கு வந்து சூடம் அணைப்பான்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவளுக்கு வீடு கெடச்சிருச்சு. நீ ஹட்டனுக்குப் போயிருவ. இந்த லயத்துல இவங்க மூஞ்சியில நான்தானடி தெனமும் முழிக்கணும்?"

அம்மாவுக்காகவாவது போய்ச் சத்தியம் பண்ணியிருக்கலாம். நான் போகவில்லை.