விரலை எடுத்தால் அணையும் டோர்ச்

ஹட்டன் கடையில் அன்று மூன்று வகை டோர்ச் இருந்தன. ஒன்றில் பக்கவாட்டில் ஒரு சிறு தகடு. பெருவிரலால் முன்னே தள்ளினால் எரியும். பின்னே தள்ளும்வரை எரிந்துகொண்டே இருக்கும். இன்னொன்றில் ஒரு பித்தான். அமுக்கினால் எரியும், விரலை எடுத்தால் அணைந்துவிடும். மூன்றாவதில் இரண்டும் இருந்தன. அதை எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன். அது துரைமார் வாங்குவது.

அதற்கு முன் என்னிடம் இருந்தது தள்ளுகிற டோர்ச். நோட்டன் பிரிட்ஜில் மண் வெட்டப் போயிருந்தபோது வாங்கியது. துணிப்பைக்குள் சட்டை உரசினால் போதும், தகடு நகர்ந்து எரியத் தொடங்கிவிடும். வெளியே எடுக்கும்போது பேட்டரி செத்திருக்கும். ஓரிடத்தில் தங்காதவனுக்குப் பைதான் வீடு. பைக்குள்ளேயே எரிந்து தீர்கிற விளக்கு எனக்கு எதற்கு?

அமுக்குகிற டோர்ச்சை வாங்க வேறொரு காரணமும் இருந்தது. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அக்காவும் அத்தானும் இருந்தார்கள். வேலை இல்லாத நாட்களில் லயத்து வரிசை வீடுகளில் அவர்களுக்கென்று இருந்த ஒற்றை அறைக் காம்பராவில்தான் ஒதுங்குவேன். கீழே ரோட்டில் பொழுதுசாயும் நேரம் வேறு தோட்டத்துத் தேயிலை லொறி ஒன்று டிக்கோயா வழியாக ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போகும். ஆள் ஏற்றினால் டிரைவருக்கு வேலை போய்விடும். ஆனாலும் ஏற்றுவார். அவருக்கும் லயத்து ஆட்களுக்கும் ஒரு பேச்சு இருந்தது. வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தால் நம்ம ஆள், நிறுத்தலாம். அசையாமல் எரிந்தால் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவோ தோட்டத்துத் துரையோ ரோட்டில் நிற்கிறார், நிறுத்தாமல் போக வேண்டும். விட்டுவிட்டு எரிய வைக்கப் பித்தான்தான் லேசு.

அக்காவுக்கு டோர்ச் பிடிக்கவில்லை.

"இது என்னடா டோச்சு? விரல எடுத்தா செத்துப் போவுது."

அத்தான் சிரித்தார். "ஒன் தம்பி மாதிரிதான். புடிச்சி அமுக்கி வச்சாத்தான் நிப்பான்."

அந்த முறை நான் அங்கே போய் ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடும் வேலை. கத்தி சவரக் கத்தி போலத் தீட்டியிருக்க வேண்டும். மழையில் கால் வழுக்கி, அத்தானின் கத்தி அவர் தொடையிலேயே இறங்கிவிட்டது. மத்தியானம் தாண்டி அவரைத் தூக்கி வந்தார்கள். தோட்டத்து மருந்துக்காரர் ஐயா காயத்தில் பஞ்சைத் திணித்து, அதற்கு மேலே துணியால் இறுகக் கட்டினார்.

"இங்க வச்சிருந்தா ஆள் தங்காதுங்க. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றார்.

தோட்டத்து லொறி உரம் ஏற்றப் போயிருந்தது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்காகக் காத்திருந்து பார்த்தோம். பஞ்சு மறுபடி நனைந்தது. மிச்சம் இருந்தது அந்தத் தேயிலை லொறிதான். அதையும் விட்டால் அன்றைக்கு வேறு வண்டி இல்லை.

கம்பளியில் அத்தானைக் கிடத்தி, இரண்டு முனையையும் ஒரு தடியில் கட்டித் தூக்கினோம். முன்னால் நான், பின்னால் பக்கத்துக் காம்பராக்காரர். குறுக்குப் பாதையில் படிக்கல்லெல்லாம் பாசி. பொழுது இருக்கும்போதே பனி இறங்கி, வைக்கிற கால் தெரியவில்லை. தடிக்கு இரண்டு கையும் வேண்டும். டோர்ச்சை அமுக்க எனக்குக் கை இல்லை. அக்கா கூடவே நடந்து காயத்தை அமுக்கியபடி இருந்தாள். ஓரிடத்தில் நான் சறுக்கி உட்கார்ந்ததும் அவள், "நில்லு" என்றாள். சேலை ஓரத்தைப் பல்லால் கிழித்து, டோர்ச்சைத் தடியின் முனையில் வைத்துப் பித்தானோடு சேர்த்துச் சுற்றி இறுக்கினாள். வெளிச்சம் நின்று எரிந்தது. அதற்குப் பிறகு வேகமாக இறங்கினோம். நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

ரோட்டில் இறக்கி வைத்தபோது லொறி மேல் வளைவில் முனகுவது கேட்டது.

"லொறி வந்துருச்சா மாப்ள?" என்றார் அத்தான். குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவது போல இருந்தது.

"வந்துருச்சுங்க அத்தான்" என்று சொல்லிக்கொண்டே டோர்ச்சைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அது அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

முடிச்சைப் பிடித்து இழுத்தேன். மழையில் துணி ஊறிக் கல்லாகியிருந்தது. விறைத்த விரலுக்கு அது அகப்படவில்லை. பல்லால் கடித்தேன். பக்கத்துக் காம்பராக்காரர் நடுரோட்டில் கையை விரித்து நின்று கத்தினார். பனிக்குள் அவர் யாரென்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? லொறி ஹாரன் அடித்து, அவரை விட்டு ஒதுங்கிப் போயே போய்விட்டது.

நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா உட்காரவில்லை. காயத்திலிருந்து கையை எடுத்தாள், தடியை லொறியின் பக்கம் தூக்கிப் பிடித்தாள், டோர்ச்சின் கண்ணாடியை உள்ளங்கையால் மூடினாள். திறந்தாள். மூடினாள். திறந்தாள். கண்ணாடியில் ரத்தம் ஒட்டி, வெளிச்சம் மங்கிக்கொண்டே போனது.

பெட்டிகளின் மேல் குந்தியிருந்த கிளீனர் பின்னால் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். லொறியின் தகரத்தை அவன் தட்டுவது கேட்டது. கீழ் வளைவில் பிரேக் கிறீச்சிட்டது.

டிரைவர் இறங்கியதும் என்னைத்தான் பிடித்தார். "அசையாத வெளிச்சத்த புடிச்சிக்கிட்டு நின்னா எவன்டா நிப்பாட்டுவான்? கண்டாக்குன்னுல்ல நெனச்சேன்!" அதற்குள் கம்பளியைப் பார்த்துவிட்டார். "ஏத்துங்க, ஏத்துங்க. எவன் பாத்தாலும் பாத்துட்டுப் போறான்."

ஆஸ்பத்திரியில் அத்தானை உள்ளே கொண்டுபோனார்கள். விறாந்தையில் நானும் அக்காவும் நின்றோம். கட்டிய துணியோடு தடியிலிருந்து உருவி எடுத்த டோர்ச் என் கையில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் வந்த சிங்கள நர்ஸ், "டோச் எக்க நிவன்ன" என்று அணைக்கச் சொன்னார். அணைக்க முடியவில்லை. அடி மூடியைத் திருகிப் பேட்டரியைக் கழற்றப் போனேன்.

"கழட்டாதடா" என்றாள் அக்கா. "அவரு வெளிய வார வரைக்கும் இருக்கட்டும்."

அவர் வெளியே வருவதற்கு முன்பே அது தானாக அணைந்தது. அத்தான் பிழைத்தார். ஒரு கால் முட்டிக்கு மேலே போய்விட்டது. தோட்டத்து வேலையாட்களின் பெயர்ப் பதிவான செக்ரோலில் அவர் பெயரை வெட்டினார்கள். இனி அக்காவின் பெயர் இருக்கும்வரைதான் அந்தக் காம்பரா.

ஊன்றுகட்டையோடு வந்தவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். பொழுது போனபின் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கும் கக்கூஸுக்கும் போக வேண்டும். இரண்டு கையிலும் கட்டை.

"தள்ளுறதே வாங்கியா மாப்ள. அமுக்குறதுக்கு என்கிட்ட ஏது கை?"

என்னுடையதைக் கடையில் கொடுத்து அதை மாற்றி வாங்கி வந்து, சணல் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் மாட்டினேன். அக்காவின் ஒற்றைப் பேர் சம்பளத்தில் மூன்றாவது வாய்க்கு இடமில்லை. மறுநாள் அந்தியில் ரோட்டுக்கு இறங்கினேன். எனக்கென்று இப்போது டோர்ச் இல்லை. தீக்குச்சி கிழித்துக் காட்டித்தான் லொறியை நிறுத்தினேன்.

கீழ் வளைவு திரும்பும்போது டிரைவர் மேலே பார்த்தார். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சம் அசையாமல் நின்றது.

"கண்டாக்கு நிக்கிறாரோ?" என்றார்.

"இல்லண்ணே. எங்க அத்தான்."

"நிப்பாட்டவா?"

"வேணாங்க. போங்க."