நத்தை ஊர்ந்த கீரை

அந்த மழைக்காலத்தில் எனக்கு வந்த தலைவலியை இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிது.

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினால் கண் இருண்டது. கழுத்தை வளைக்க முடியவில்லை. சேலை முதுகில் உரசினாலே தோல் எரிந்தது. காய்ச்சல் மட்டும் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. தோட்டத்து டொக்டர் ஐயா கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒடம்பு சுடலயே" என்று மாத்திரை கொடுத்து வேலைக்கு அனுப்பினார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி, "மழை பேஞ்சா ஒனக்குத் தலைவலி வந்துருமே" என்றார். கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினேன். கூடை பாதிகூட நிறையவில்லை. செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். திட்ட வந்த கங்காணி இரண்டு பேராகத் தெரிந்தார்.

அன்று என் வீட்டுக்காரர், "இனி யாரையும் கேக்கப் போறதில்ல. கண்டிக்குப் போறோம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தலைப்பாரம் கொஞ்சம் இறங்கியது. மறுநாள் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் கட்டிலருகே வந்து, "நத்தை ஏதும் பச்சையாச் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார்.

"சீ, அதெல்லாம் திங்க மாட்டோங்க."

"பச்சைக் கீரை?"

"வல்லாரைச் சம்பல் தின்னேங்க. எங்க லயத்து வீட்டுக்குப் பின்னால, அழுக்குத்தண்ணி ஓடுற கான் ஓரத்துல பறிச்சது. இவருக்குக் கசப்பு ஆகாது, தொடல."

டொக்டர் தலையாட்டினார். "எலியில இருக்கிற ஒரு புழு, நத்தைக்குள்ள போய் வளரும். குட்டி நத்தை இலையில ஒட்டிக்கொண்டிருந்தா கண்ணுக்குத் தெரியாது. அப்பிடியே வயித்துக்குள்ள போனா, புழு மூளைக்கு ஏறிச் செத்துப்போகும். அதுதான் எண்டு நினைக்கிறன். நிச்சயமாச் சொல்லேலாது."

"மருந்து இருக்குங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இதுக்கெண்டு மருந்தில்லை. பொறுத்திருக்க வேணும்."

எனக்குப் பயம்கூட வரவில்லை. பயப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கிறது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

லயத்துக்குத் திரும்பியபின் சமையலும் தண்ணீர் சுமப்பதும் என் வீட்டுக்காரர் பாடாயிற்று. ஏதாவது கேட்டால், "படு, பேசாத" என்பார். மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோதுதான், விடிந்ததிலிருந்து தலை வலிக்கவில்லை என்று தோன்றியது. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். ஈரத்துணியைக் கல்மேல் போட்டுவிட்டு, வெயில் விழுந்த இடமாகப் பார்த்துப் படுத்துத் தூங்கிப்போனேன்.