சிவந்த இடத்தைத் தேய்க்கலாமா?

ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், அதை நாலு பேரிடம் சொல்லாமல் நெனிதா தெஸ்பிக்குச் சோறு இறங்காது. பிலிப்பைன்ஸின் இலோய்லோ மருத்துவமனையில், அவளோடு செவிலியராக இருந்த எங்கள் வார்டுக்கே அது தெரியும்.

பக்கவாதத்தில் படுத்திருந்த மீனவர் கிறிஸ்புலோ அவள் பொறுப்பில் இருந்தார். படுத்தே கிடந்ததில் அவருடைய வால் எலும்பருகே தோல் சிவந்தது. புண்ணாகிவிட்டால் எலும்புவரை அரித்துவிடும். அப்படிச் சிவந்தால் ஆல்கஹால் தொட்டு அழுத்தித் தேய்த்துப் பவுடர் போடுவது எங்கள் வழக்கம். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு பரவியதால் நெனிதாவுக்குச் சந்தேகம் வந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியில் தேடினாள். தேய்ப்பது நல்லது என்று ஏழு இணையப் பக்கங்கள் சொல்லின. அப்புறம் என்ன, விட்டுவிடு என்றேன். அவள் விடவில்லை. எழுதியது யார், எந்த ஆண்டு, எதை வைத்துச் சொல்கிறார் என்று ஒவ்வொன்றாகக் குடைந்தாள். ஏழிலும் ஒரே வாக்கியம். அதன் மூலத்தைத் தேடிப் போனால், தேங்காயெண்ணெய்த் தைலம் விற்பவரின் பக்கத்தில் போய் முடிந்தது.

"ஏழு சாட்சி இல்லடி. ஒரே ஆளு ஏழு சட்ட மாத்திக்கிட்டு வந்திருக்கான்," என்றாள். அவள் கண் பளபளத்தது.

இலவசமாகக் கிடைத்த ஆய்வுத் தொகுப்பு ஒன்றையும், பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து எழுதிய சிகிச்சை நெறிமுறையையும் படித்து முடித்து, தலைமைச் செவிலி ஃபெலிசிதாஸிடம் ஓடினாள். வார்டுக்குள் பான்சிட் நூடுல்ஸ் வந்தால் புது நோயாளிகள் வந்து குவிவார்கள் என்ற ஊர் நம்பிக்கையில் அதைத் தடை செய்தவர் அவர். அதற்கு எந்த ஆய்வு இருக்கிறது என்று யாரோ முணுமுணுக்க, அவரே சிரித்துவிட்டார். பிறகு நெனிதா பக்கம் திரும்பினார்.

"தேய்ச்சா நல்லதுங்கறதுக்கு ஆதாரம் கெடைக்கலன்னா, கெடுதல்னு ஆயிடுமா நெனி?"

"ஆகாது மேம். சிவந்த எடத்தத் தேய்க்காதீங்கன்னு நெறிமுறை சொல்லுது. அதுக்கு ஆதாரம் அவ்வளவு வலுவா இல்லன்னும் அதுவே சொல்லுது. ஆனா அந்த எடத்துல பாரம் படாம திருப்பிப் படுக்க வைக்கணும்ங்கறதுல எல்லாரும் ஒத்துப்போறாங்க."

குறையையும் மறைக்காமல் சொன்னதுதான் ஃபெலிசிதாஸை அசைத்தது. மருத்துவரிடம் பேசிவிட்டு, கிறிஸ்புலோவுக்கு மட்டும் தேய்ப்பதை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். நாங்கள் முறை வைத்து அவரை இடமும் வலமுமாகத் திருப்பினோம். மறந்தால் அவரே முனகி எங்களைக் கூப்பிட்டார்.

வாரக் கடைசியில் ஒரு காலை, நெனிதா எல்லாரையும் கட்டிலருகே அழைத்தாள். சிவப்பு காசளவுக்குச் சுருங்கியிருந்தது. தோல் எங்கும் கிழியவில்லை. ஃபெலிசிதாஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பக்கத்துக் கட்டில்காரருக்கும் தேய்க்கறத நிறுத்துங்க," என்றார்.