ஏழு கண்ணாடிகளும் ஒரு மாப்பிள்ளையும்

கண்ணாடி இல்லாத சலூனில் யாராவது முடி வெட்டிக்கொள்வார்களா? இதை ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்டவர் சலூன்காரர். கடையில் இருந்த ஏழு கண்ணாடிகளையும் துண்டு போட்டு மூடிவிட்டுத்தான் கேட்டார்.

அவர் வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு சுழல் நாற்காலிகள், காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. இருபத்திரண்டு வருடமாகக் கத்தரியைத் தவிர வேறெதிலும் கை வைக்காத மனிதர், ஒருநாள் நாற்பது லிட்டர் தொட்டியும் ஒரு நீல ஃபைட்டர் மீனும் வாங்கி வந்தார். வால் உடம்பைவிட நீளம், திரைச்சீலை மாதிரி. உட்கார்ந்த இடத்தில் இரண்டு வேளை சாப்பாடு. ஆகாதவர் கண்ணில் பட்டால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும். சலூன்காரரின் மனைவி அதைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் வைத்துவிட்டார்: வீட்டோடு மாப்பிள்ளை.

உபசாரத்தில் குறைவில்லை. தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்க ஹீட்டர் வந்தது. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாறியது. தொட்டிக்குள் வைக்க வாங்கிய பிளாஸ்டிக் செடியை, அப்போதுதான் மழித்த தன் கன்னத்தில் உரசிப் பார்ப்பார் சலூன்காரர். எரிந்தால் செடி குப்பைக்கு. கன்னத்தைக் கீறுவது வாலையும் கிழிக்கும் என்பது அவர் நியாயம். அதில் தப்பே இல்லை.

தப்பு வேறிடத்தில் நடந்தது. ஒரு தொட்டியில் ஒரு ஆண் மீன்தான் இருக்க வேண்டும் என்று மீன்கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முடி வெட்ட வந்தவர்களோ, இவ்வளவு பெரிய தொட்டிக்கு ஒரே ஒரு மீன்தானா என்று வாயைக் கிளறினார்கள். மானம் தாங்காமல் சலூன்காரர் தொட்டியை, கத்தரியும் சீப்பும் வைக்கும் மேடையில் கண்ணாடியோடு ஒட்டி வைத்தார். எதிர்ச்சுவரிலும் கண்ணாடி இருந்ததால் ஒரு மீன் முடிவில்லாத வரிசையாகத் தெரிந்தது. ஒற்றை மீனில் ஒரு படையே திரட்டிவிட்டதாகப் பூரித்துப்போனார். மாப்பிள்ளைக்கோ திரும்பிய பக்கமெல்லாம் பங்காளி.

பத்தாம் நாள் வால் நுனியில் பிறை வடிவத்தில் ஒரு துண்டைக் காணவில்லை. சலூன்காரர் கண்ணுக்கு அது தொழில் தெரியாதவன் போட்ட வெட்டாகத்தான் பட்டது. அப்படி வெட்டக்கூடிய ஆள் எதிரே சலூன் வைத்திருந்த கடைக்காரர் ஒருவர்தான் என்றும் முடிவு கட்டினார். தன் கத்தரிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டி, ஒவ்வொரு தலைக்கும் பூட்டைத் திறந்து எடுத்தார். மறுநாள் இன்னும் கொஞ்சம் வால் குறைந்திருந்தது.

முகம் மழிக்க வந்த மீன்கடைக்காரர்தான் விஷயத்தை உடைத்தார். "யாரும் வெட்டலண்ணே. தன் வாலத் தானே கடிச்சுக்குது. நாள் முழுக்க நூறு பேரோட மல்லுக்கு நின்னா யாருக்குத்தான் கிறுக்குப் பிடிக்காது?" கண்ணாடி கண்ணில் படக்கூடாது, தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வால் அழுகி ஆளே போய்விடும் என்றார்.

தொட்டியை உள்ளே கொண்டுபோகலாம் என்றால், கடை மேடையை விட்டால் அந்த எடையைத் தாங்க வீட்டில் கட்டில்தான் இருந்தது.

"அப்ப மாப்பிள்ள கட்டில்ல இருக்கட்டும். நாம சுழல் நாற்காலில தூங்குவோம்" என்றார் மனைவி. தொட்டியைச் சுற்றிக் காகிதம் ஒட்டினால் போதாதா என்றும் கேட்டார்.

"தப்புப் பண்ணது நான். சிறை அவனுக்கா?"

அப்படித்தான் ஏழு கண்ணாடிகளும் மூடப்பட்டன. வந்தவர்கள் வாசலோடு திரும்பி எதிர்க்கடைக்குப் போனார்கள். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அந்த வாரத்தில்தான்.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பெஞ்சில் இருப்பவர் எதிரே வந்து உட்கார்ந்து, வெட்டிக்கொள்பவரின் தலை எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். முதலில் உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா. நாற்காலியில் தபால்காரர். குமாஸ்தா பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முடில குறையில்ல. காதுதான் ரெண்டும் ஒரே மட்டத்துல இல்ல."

ஐம்பது வயதில் இதைத் தெரிந்துகொண்ட தபால்காரர் நேராக வீட்டுக்குப் போனார். மறுநாள் திரும்பி வந்து, அடுத்தவர் காதுகளைப் பார்ப்பதற்காகவே பெஞ்சில் உட்கார்ந்தார். விஷயம் பரவியது. வெட்டிக்கொள்ள முடியே இல்லாதவர்கள்கூட வந்தார்கள்.

நாலாவது வாரம் வாலில் நிறமில்லாத மெல்லிய புது ஓரம் வளர்ந்திருந்தது. ஆனால் சண்டைக்கு ஆளில்லாத மாப்பிள்ளை மூலையிலேயே சோம்பிக் கிடந்தது. தினமும் ஐந்து நிமிடம் மட்டும் கண்ணாடி காட்டச் சொன்னார் மீன்கடைக்காரர். உடம்புக்கு அது நல்லதாம்.

இப்போதும் காலை பதினோரு மணிக்கு ஒரு துண்டு மட்டும் விலகும். மாப்பிள்ளை வாலை விரித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடைபோடும். அதே கண்ணாடியில் நாற்காலியில் இருப்பவரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொள்வார். ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா, இன்னும் ஒரு நிமிடம் கேட்டார்.

சலூன்காரர் துண்டை இழுத்து மூடினார். "அவனுக்கே அஞ்சு நிமிஷந்தான் சார். அதுக்கு மேல பாத்தா நீங்களும் வாலக் கடிக்க ஆரம்பிச்சிடுவீங்க."

உங்களுக்குத் தெரிந்த யாராவது ஃபைட்டர் மீன் தொட்டியைக் கண்ணாடி முன்னால் வைத்திருந்தால், இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். மீன் இல்லாமலே கண்ணாடி முன்னால் நிற்பவர்களுக்கும் சொல்லலாம்.