மூன்றாவது பொத்தான்

மார்னாவுக்கு நாற்பத்தொரு வயதில் பார்வை முழுசாகப் போனது. எஸ்பியர் துறைமுகத்தில் மீன் ஆலைக்காரர்களுக்குப் பதினெட்டு வருஷம் சமைத்துப் போட்டவள். ஆறு மாதம் யாரோடும் பேசாமல் கிடந்தாள். பிறகு தன் மேலேயே எரிச்சல் வந்து எழுந்தாள். புதிதாகப் பார்வை இழந்தவர்களுக்குக் கணினி பழக்கிவிடும் வேலைக்கு இணையவழிப் படிப்பில் சேர்ந்தாள்.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் நிரலை அவள் ஓடவிடும் வேகத்தில், மற்றவர் காதுக்கு அது கடுகு வெடிக்கிற மாதிரிதான் கேட்கும். பாடமெல்லாம் அப்படியே மண்டையில் ஏறிவிடும். தொல்லை பொத்தான்களில்தான். கல்லூரித் தளத்தில் அவற்றின் மேல் படம் இருந்தது, பெயர் இல்லை. "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டும் கேட்கும். மூன்றாவது பொத்தான் விடைகளை அனுப்பும் என்று தடவித் தடவிக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பார்வையற்ற மாணவர்கள் பலர் இப்படித்தான் எண்ணிவைத்துக் காலம் தள்ளுகிறார்கள். என்னைக் கேட்டால், இதற்குப் பொறுமை என்று பேர் வைக்கக் கூடாது.

கடைசித் தேர்வு பன்னிரண்டு மணி வரை. தேறினால் ஆகஸ்டில் வேலை, இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம். பதினொன்றரைக்கு முடித்துவிட்டு மூன்றாவதை அழுத்தினாள். "உறுதிதானா?" என்றது. ஆம் என்றாள். எட்டு விடைகளும் காணாமல் போயின.

ஆசிரியர் பிரேபெனைக் கூப்பிட்டாள்.

"எல்லாம் அழிஞ்சுபோச்சு, பிரேபென்."

"அழிக்கிற பொத்தான் நேத்துதான் புதுசா வந்துச்சு. சிவப்பா, பெருசா இருக்குமே மார்னா."

"சிவப்பா? எனக்கு அது மூணாவதா இருந்துச்சு."

அவர் தளத்தில் தேடிப் பார்த்தார். "திரும்பக் கொண்டுவர முடியாது. பன்னிரண்டுக்குத் தேர்வு தானா மூடிக்கும்."

"சரி. ஃபோனை மட்டும் வைக்காதீங்க."

முதலிலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு விடையையும் இரண்டு முறை கேட்டுத் திருத்தியிருந்ததால் வரி வரியாகக் காதில் நின்றது. நான்கு நிமிஷம் மிச்சமிருக்கையில் அடித்து முடித்தாள்.

"பொத்தானெல்லாம் என்ன வரிசைல இருக்கு?"

"சேமி, முன்னோட்டம், அழி, அனுப்பு. ஆனா உங்க நிரல் வாசிக்கிறதும் இதே வரிசைதானா?"

"பல தளங்கள்ல வரிசை மாறும். இங்க மாறல. மூணாவதை அழுத்தினப்பதானே அழிஞ்சுது."

நான்காவதை அழுத்தினாள். 'விடைகள் வந்து சேர்ந்தன' என்றது நிரல். மார்னா மேஜையில் தலை சாய்த்துவிட்டாள்.

"பொத்தானுக்குப் பேர் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பேர் வைக்கிறது அரை மணி நேர வேலை," என்றார் பிரேபென். குரலில் வெட்கம்.

"பழகிட்டேன்," என்றாள். சொன்னதும் அவளுக்கே சுருக்கென்றது. நாளைக்குத் தன்னிடம் வருகிறவர்களுக்கும் எண்ணத்தானே கற்றுக்கொடுத்திருப்பாள்.

தேறிவிட்டாள். ஆகஸ்டில் முதல் ஆளாக வந்தவர் யூர்கன், தச்சர், போன குளிர்காலத்தில் பார்வை போனவர். அரை மணி நேரத்தில் ஒரு கடையின் தளத்தில் முட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தப் பொத்தானுக்குப் பேரே சொல்லமாட்டேங்குது. அஞ்சாவதுன்னு ஞாபகம் வச்சுக்கவா?"

"வேணாம்," என்றாள் மார்னா. "கடைக்காரங்க ஃபோன் நம்பரைத் தேடுங்க, பேர் வைக்கச் சொல்லுவோம். முதல் பாடம் அதுதான்."