எல்லாம் நல்லா இருக்குங்க

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவரிடம் கருத்துக் கேட்க ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. குடியை நிறுத்த அவர் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த திருவண்ணாமலை ஆஸ்பத்திரிதான். சிகிச்சை எப்படி இருந்தது என்று சாரிடம் ரெண்டு நிமிஷம் பேச வேண்டுமாம்.

அவர் நல்ல மனுஷர். கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டினார். குடிதான் சனியன். அதையும் விட்டுத் தொலைக்கிறேன் என்று அவராகவேதான் கிளம்பினார். வாராவாரம் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். கை நடுக்கம் நின்றது, சோறு இறங்கியது. பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கும் வெயிலில் நடந்தே போனோம்.

அங்கே டாக்டர் தங்கமானவர். மாத்திரை கொடுக்கிற இடத்தில்தான் வினை. எல்லா நோயாளிகளும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் நின்றுகொண்டு, "குடிக்கு வந்தவங்கல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று கத்துவார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போவார். வெளியே வந்ததும் என்னிடம் மட்டும் கேட்பார்: "பேர் சொல்லிக் கூப்பிட்டா என்னவாம்?"

குறை ஏதாவது உண்டா என்று அங்கே ஒரு பெண் அவ்வப்போது வந்து கேட்கத்தான் செய்தாள். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் உப்பில்லை என்று யார் சொல்வார்கள்? "எல்லாம் நல்லா இருக்குங்க" என்பார் இவர். நான் வாயைத் திறந்தால் முறைப்பார். மாத்திரை கொடுக்கிறவர்களையே குறை சொல்வதா என்பார்.

ஒரு நாள், கால்வலிக்கு வந்திருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்தக் கூப்பாட்டைக் கேட்டுவிட்டார். சாயங்காலமே டீக்கடையில் கிண்டல். வண்டிக்குக் கூப்பிடுகிறவர்களும் யோசித்தார்கள். மறுவாரம் இவர் பஸ் ஏறவில்லை. நான் காலில் விழாத குறை. மாத்திரை தீர்ந்தது, பாட்டில் வந்தது, மஞ்சள்காமாலை வந்தது, ஆள் போய்விட்டார்.

போனில் பேசியதும் அதே பெண்தான். இதையெல்லாம் அவளிடம் கொட்டினேன். பாவம், எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "யாருமே இதச் சொல்லலீங்களேம்மா, எல்லாரும் நல்லா இருக்குனுதான் சொன்னாங்க" என்றாள்.

"வர்றவங்க அப்படித்தாம்மா சொல்வாங்க. வராம போனவங்கள இப்பதானே கேக்கறீங்க."

"மன்னிச்சுக்கங்கம்மா. பேர் சொல்லியே கூப்பிடச் சொல்றேன். அடுத்த வாரமே மாத்திடலாம்."

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த வாரமாம். இவ்வளவு சுளுவான வேலைக்கா என் மனுஷனைக் கொடுத்தேன்?